ஒரு பட்டாணி போதும்!

முகப்பருவுக்கு வைத்தியம் சொல்லத் தெரியாத தமிழன் இன்னும் பிறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் பாருங்கள், 'டாக்டரைப் பாத்தியா?' என்பார்கள். பல்வலி என்றால் 'பிடுங்கிடு' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். ஆனால் கன்னத்தில் ஒரே ஒரு பரு எட்டிப் பார்த்துவிட்டால் போதும், பஸ் கண்டக்டரிலிருந்து பால்காரர் வரை அத்தனை பேரும் பரம்பரை வைத்தியர்களாகிவிடுவார்கள்.

'கஸ்தூரி மஞ்சள் போடு.'

'சந்தனத்தை இழைச்சுத் தடவு.'

'டூத்பேஸ்ட்டை வெச்சுட்டுப் படு, காலையில இருக்காது.' (வாஸ்தவம்தான். பரு இருக்கும், தோல் இருக்காது!)

'உடம்புச் சூடு தம்பி, சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி.'

'கல்யாணம் ஆனா தானா சரியாயிடும்.'

இந்தக் கடைசி வைத்தியத்தில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். கல்யாணம் ஆனால் பரு போய்விடும் என்று நம் வீட்டில் சொல்கிறார்கள். பரு போனால் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம் என்று பெண் வீட்டில் சொல்கிறார்கள். நடுவில் நாம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருக்கிறோம்.

பதினாறில் வரும், இருபதில் போய்விடும் என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார்கள். இருபது போனது. இருபத்தைந்தும் போனது. வேலை வந்தது, பி.எஃப். கணக்கு வந்தது, பைக் லோன் வந்தது, முன்நெற்றியில் முடி கொட்டும் வயசுகூட வந்துவிட்டது. பரு மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி காலி பண்ண மறுத்தது. விடலைப் பருவத்துக்கும் வழுக்கைப் பருவத்துக்கும் ஒரே முகத்தில் இடம் கொடுத்த பெருந்தன்மை என்னுடையது.

அந்தக் காலத்து ஆபீஸில் பிரச்னை இல்லை. உங்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் பாத்ரூமுக்குப் போக வேண்டும். இப்போது காலை பத்து மணிக்கே வீடியோ மீட்டிங். திரையில் பன்னிரண்டு கட்டம். அதில் ஒரு கட்டத்தில் உங்கள் முகம், உங்களையே முறைத்துக்கொண்டு. விற்பனை ஏன் குறைந்தது என்று மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானோ என் வலது தாடையில் நேற்று இரண்டு இருந்தது இன்றைக்கு எப்படி மூன்றாயிற்று என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'கேமரா ரிப்பேர் சார்' என்று ஒரு மாதம் ஓட்டினேன். கம்பெனி புது கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டது. அதற்கப்புறம்தான் தோல் டாக்டரிடம் போவது என்று முடிவாயிற்று.

டாக்டரிடம் நேராகப் போனதற்குக் காரணம் புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறித்தனம். மஞ்சள் அரைக்க வேண்டும், சந்தனம் இழைக்க வேண்டும், முல்தானி மட்டியை அரை மணி நேரம் பூசிக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டும். யாரால் முடியும்? டாக்டர் என்றால் ஒரு சீட்டு, ஒரு கடை, வேலை முடிந்தது. இந்தச் சோம்பேறித்தனம்தான் கடைசியில் என் முகத்தைக் காப்பாற்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

*

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பூதக்கண்ணாடி விளக்கை என் முகத்தருகே கொண்டுவந்தார். நிலா மண்ணைப் பார்க்கிற விஞ்ஞானி மாதிரி ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இதுவரைக்கும் என்னென்ன பூசினீங்க தம்பி?"

"ஒண்ணும் பூசலை டாக்டர்."

எழுந்து வந்து கை கொடுக்காத குறை. "காலையிலேர்ந்து இருபது பேரைப் பாத்துட்டேன். ஒண்ணுமே பூசாம வந்த முதல் ஆள் நீங்கதான்!"

பிறகு ஒரு பேப்பரில் படம் வரைந்தார். ஒரு மயிர்க்கால். பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி. "இது ஒரு சாக்கடைக் குழாய்னு வெச்சுக்கோங்க. உள்ளேர்ந்து எண்ணெய் வருது. குழாய்ச் சுவத்துலேர்ந்து செத்த செல்லுங்க உதிருது. ஒழுங்கா உதிர்ந்தா எண்ணெயோட வெளியே வந்துடும். உங்களுக்கு ஒட்டி ஒட்டி உதிருது, குழாய் வாய் அடைச்சுக்குது. அடைப்புக்குப் பின்னால எண்ணெய் தேங்குது. தேங்கின இடத்துல கிருமி பெருகுது. உடம்பு சண்டைக்குப் போகுது. சிவக்குது, வீங்குது, சீழ் பிடிக்குது. அதான் பரு."

"அப்ப இந்தக் கறுப்புப் புள்ளி? தினம் நாலு தடவை சோப்புப் போட்டும் அழுக்கு போகலையே?"

"அது அழுக்கே இல்ல. அடைச்ச பொருள் காத்து பட்டுக் கறுத்துப்போறது. சோப்புப் போட்டுத் தேய்ச்சா தோல்தான் போகும்."

சீட்டில் எழுதினார்: அடபலீன் ஜெல், 0.1 சதவிகிதம். ரெட்டினாய்டு என்கிற குடும்பத்துப் பிள்ளை. வைட்டமின் ஏ-யின் உறவுக்காரர்கள் இவர்கள். கண்ணின் ரெட்டினாவில் இந்த வைட்டமினுக்கு வேலை உண்டு என்பதால் ரெட்டினால் என்று பேர் வந்தது, அதிலிருந்து ரெட்டினாய்டு. குடும்பத்தில் மூத்தவர் ட்ரெட்டினாய்ன். கொஞ்சம் கோபக்காரர், தோலை அதிகம் எரிப்பார். அடபலீன் சாது. அமெரிக்காவில் 2016-ல் இந்த 0.1 சதவிகித ஜெல்லை டாக்டர் சீட்டு இல்லாமலேயே வாங்கலாம் என்று அனுமதித்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டாசரோட்டீன் என்று ஒருவர் உண்டு, அவர் கோபத்தில் மூத்தவரையும் மிஞ்சுவார். நாமாகப் போய் அவரிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

இவர்கள் செய்கிற வேலை ஒன்றுதான். குழாய்ச் சுவரில் செல்கள் ஒட்டாமல், ஒழுங்காக உதிரும்படி பார்த்துக்கொள்வது. அடைப்பே வராமல் தடுப்பது. கூடவே வீக்கத்தையும் கொஞ்சம் தணிப்பார்கள்.

"பரு மேல மட்டும் ஒரு பொட்டு வைக்கணுமா டாக்டர்?"

சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. இது கொசு அடிக்கிற மட்டை இல்ல தம்பி, சாக்கடை அடைப்பு எடுக்கற வேலை. ஒரு பரு வெளியில தெரியறதுக்குப் பல வாரம் முன்னாடியே உள்ள அடைப்பு ஆரம்பிச்சாச்சு. நீங்க இன்னிக்குப் பூசறது இன்னிக்கு இருக்கற பருவுக்கு இல்ல. தீபாவளிக்கு வரப்போற பருவுக்கு!"

இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் ரெட்டினாய்டு பாதி புரிந்த மாதிரி.

*

மீதிப் பாதி, பூசுகிற முறை. ஆறு வயசுப் பையனுக்குச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

எவ்வளவு? "ஒரு பட்டாணி. முழு முகத்துக்கும் சேர்த்து. காய்ஞ்ச பட்டாணி, ஊற வெச்சது இல்ல!" ஆண் பிள்ளைகள் ஷேவிங் க்ரீம் கணக்கில் பிதுக்கி அப்புகிறார்களாம். இரண்டு பட்டாணி பூசினால் பரு இரண்டு மடங்கு வேகமாகப் போகாது. எரிச்சல்தான் இரண்டு மடங்கு.

எப்போது? ராத்திரியில் மட்டும், ஒரே தடவை. ட்ரெட்டினாய்ன் வெளிச்சம் பட்டால் வீரியம் குறைந்துபோகும். அடபலீன் வெளிச்சத்தைத் தாங்கும். ஆனாலும் ராத்திரிதான் உத்தமம். பூசிய தோல் வெயிலைத் தாங்காது.

எப்படி? மென்மையான சோப்பில் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து (தேய்க்கக் கூடாது), ஒரு கால் மணி நேரம் காயவிட வேண்டும். ஈர முகத்தில் பூசினால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கி எரியும். காய்ந்த பிறகு நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று சின்னச் சின்னப் பொட்டாக வைத்துப் பரப்ப வேண்டும். கண்ணைச் சுற்றி, உதட்டோரம், மூக்கு மடிப்பு மூன்றும் தடை செய்யப்பட்ட பகுதிகள். அங்கெல்லாம் தோல் மெல்லிசு. அதற்கு மேல் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். ரொம்ப எரிகிறவர்கள் மாய்ஸ்சரைசர், மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர் என்று சாண்ட்விச் போடலாம்.

எத்தனை நாள்? முதல் இரண்டு வாரம் மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை. தாங்கினால் ஒன்று விட்டு ஒரு ராத்திரி. அதுவும் தாங்கினால் தினமும். எரிந்தால் இரண்டு நாள் லீவு விட்டுவிட்டுத் தொடரலாம். வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை வேலை செய், நடுவில் லீவு எடுத்துக்கொள், அவசரப்படாதே என்று சொல்கிற மருந்தை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்திருக்கிறார்கள். சுறுசுறுப்பானவர்களுக்குத்தான் ஆபத்து!

காலையில் சன்ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல். இதில்தான் நான் கொஞ்சம் முரண்டு பிடித்தேன். கிண்டியிலிருந்து அண்ணா சாலைக்கு பைக்கில் போகிற மனுஷன் முகத்தில் வெள்ளையாக எதையோ பூசிக்கொண்டு போனால் சிக்னலில் என்ன நினைப்பார்கள்?

"ஹெல்மெட் போட்டிருப்பீங்க இல்ல? யாருக்குத் தெரியும்?" என்றார். பேச முடியவில்லை. ஹெல்மெட் பட்டை உரசுகிற தாடையில்தான் எனக்குப் பரு அதிகம் என்றும், உள்ளே இருக்கிற பஞ்சைத் துவைக்க வேண்டும் என்றும் கூடுதலாக ஒரு குட்டு வைத்தார்.

அப்புறம் வெயில் விஷயத்தில் ஒரு பாயின்ட் சொன்னார். நம் ஊர் மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே புண்பட்டாலும், எங்கே எரிந்தாலும் ஆறின இடத்தில் கறுப்புத் தழும்பு வைத்துவிட்டுத்தான் போகும். பரு பத்து நாளில் போய்விடும், கறுப்பு பத்து மாதம் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கருக்கும். வெள்ளைக்காரத் தோலில் எரிச்சல் என்றால் சிவப்பு, நாலு நாளில் போச்சு. நமக்கு எரிச்சல் என்றால் கறுப்பு. ஆகவே பருவை விரட்டுகிற வேகத்தில் தோலை எரித்துக்கொண்டால், கடனை அடைக்கக் கந்து வட்டிக்கு வாங்கிய கதைதான்.

*

பூச ஆரம்பித்த இரண்டாவது வாரம் வாயோரமும் மூக்கோரமும் தோல் உரிய ஆரம்பித்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் விட்ட சுவர் மாதிரி. அம்மா பதறிப்போனாள். "டேய், இருந்த மூஞ்சியும் போச்சேடா!" பெற்ற தாய் இப்படிச் சொன்னால் ஊரார் என்ன சொல்வார்கள்?

நாலாவது வாரம் அதைவிட விசேஷம். பரு அதிகமாயிற்று! உள்ளே ஒளிந்துகொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்து ஆஜராயின. எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு ஆகும், சில வாரங்களில் அடங்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் ட்யூபைக் கூவத்தில் எறிந்திருப்பேன். இந்த மாதிரி நேரத்தில்தான் பல பேர் நிறுத்திவிடுகிறார்களாம். மேனேஜர் கூப்பிட்டு, தள்ளி நின்றுகொண்டே, "தம்பி, அம்மை ஏதாவது போட்டிருக்கா? வேணும்னா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோயேன்" என்றார். மூன்று வருஷ சர்வீஸில் அவராகக் கொடுத்த முதல் லீவு. பரு சாமிக்கு நன்றி சொல்லி எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது வாரம் புதுசாக வருவது குறைந்தது. பன்னிரண்டாவது வாரம் ஒரு காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தபோது, எந்த இடத்திலும் ரேசரைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நேர் ரோடு! பத்து வருஷமாக மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டியவனுக்குத்தான் அந்த சுகம் தெரியும்.

கறுப்புத் தழும்புகள் இருந்தன. அவை மெதுவாக மங்கின, இன்னும் மங்குகின்றன. இடது கன்னத்தில் இரண்டு குழிகள் இருக்கின்றன. அவை க்ரீமுக்கு மசியாது, அதற்கு வேறு சிகிச்சை. குழி விழுவதற்கு முன்னாலேயே வைத்தியம் பார்ப்பதுதான் மலிவு. பெரிசு பெரிசாக, தொட்டால் வலிக்கிற கட்டிகளாக வருகிறவர்கள் ட்யூபோடு போராடாமல் உடனே டாக்டரிடம் போவது நல்லது. அந்த ரகம்தான் குழி வெட்டுகிற ரகம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம்.

*

இந்த மருந்து முகத்துக்கு வந்த கதையில் ஒரு கறை உண்டு. பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற தோல் டாக்டர் இருந்தார். ட்ரெட்டினாய்ன் பருவைக் குறைக்கிறது என்று 1969-ல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். 1971-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல கோடி முகங்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. ஆனால் அதே க்ளிக்மன் 1951 முதல் 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் என்னென்னவோ பூசிப் பரிசோதனை செய்தவர். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். சில டாலர் கூலி. என்ன பூசுகிறார்கள் என்பதுகூட அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2021-லும், பிலடெல்ஃபியா நகரம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. க்ளிக்மன் 2010-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

என்ன பூசுகிறார்கள் என்று தெரியாமல் முகத்தைக் கொடுத்தவர்கள்... அந்த வரியை எழுதும்போது எனக்கு எங்கள் அக்கவுண்ட்ஸ் நண்பன்தான் ஞாபகத்துக்கு வருகிறான்.

1975-ல் க்ளிக்மன் இன்னொரு காரியம் செய்தார். முகத்தில் வரும் கரும்திட்டுக்காக ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாய்ன், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே களிம்பாகக் கலந்தார். டாக்டர் மேற்பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டிய சமாசாரம். அதன் தம்பி தங்கைகள் நம் ஊரில் சிவப்பழகு க்ரீம் வேஷத்தில் கடை கடையாக ஏறி இறங்கின.

நண்பனுக்குத் தை மாதம் கல்யாணம். என் முகத்தைப் பார்த்து அவனுக்கும் ஆசை. "என்ன மருந்துடா?" என்றான். ரெட்டினாய்டு என்றேன், டாக்டர் விலாசமும் கொடுத்தேன். என்னைப் போல் சோம்பேறி இல்லையே அவன்! அன்றைக்கு சாயங்காலமே ஒரு மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டிருக்கிறான். கடைக்காரர், "இதுல அதுவும் இருக்கு, கூட ரெண்டும் இருக்கு. டபுள் பவர்!" என்று ஒரு ட்யூபை நீட்டியிருக்கிறார். அட்டையில் ட்ரெட்டினாய்ன் என்று இருந்தது. பக்கத்திலேயே மொமெட்டசோன் என்றும் இருந்தது. அது ஸ்டீராய்டு என்று அவனுக்கு யார் சொல்வது?

பத்தே நாளில் பளபளவென்று ஆகிவிட்டான். பரு அடங்கியது, நிறம் ஒரு மாற்று ஏறியது. கேன்டீனில் என் பன்னிரண்டு வாரக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். "உன் டாக்டர் கட்டை வண்டி, என் கடைக்காரர் எக்ஸ்பிரஸ்" என்றான். காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மூன்று மாதம் விடாமல் பூசினான்.

மார்கழியில் ட்யூப் தீர்ந்து நாலு நாள் பூசவில்லை. ஐந்தாம் நாள் ஆபீஸுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தான். மாடிப்படியில் நிறுத்திக் கழற்றிக் காட்டினான். முகம் முழுக்கச் சிவந்து, கன்னத்தில் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. பழைய பரு பத்து மடங்காகத் திரும்பியிருந்தது. "ஃபேன் காத்து பட்டாக்கூட எரியுதுடா" என்றான். மறுபடி பூசினால் அடங்குகிறது, விட்டால் எரிகிறது. குடிகாரனுக்கும் பாட்டிலுக்கும் உள்ள பந்தம்தான் அவனுக்கும் அந்த ட்யூபுக்கும்.

நானே டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். "இது பரு இல்ல. ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம். வாரத்துக்கு நாலஞ்சு பேர் இப்படி வராங்க" என்றார். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, கடைக்காரரும் இருக்கிறார். சரியாக எத்தனை நாளாகும் என்றதற்கு, "மாசக் கணக்கு" என்றார். முகூர்த்தத்துக்கு இருந்தது ஐந்து வாரம்.

அன்றைக்கு ராத்திரி அவன் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. சாப்பிடவில்லை, போனை எடுக்கவில்லை. பருவைக் கிண்டல் பண்ணிச் சிரிக்கிறோமே, ஒரு மனுஷனைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வைக்கிற சக்தி அதற்கு இருக்கிறது. மறுநாள் அவனே பெண்ணுக்கு வீடியோவில் கூப்பிட்டு, மாஸ்க்கை எடுத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண் கேட்டது ஒரே வார்த்தை:

"எரியுதா?"

அவ்வளவுதான். தையில் கல்யாணம் நடந்தது. முகம் பாதிதான் ஆறியிருந்தது. போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் தேய்த்த தேய்ப்பில், ஆல்பத்தைப் பார்த்த அவன் பாட்டி, "பொண்ணு தெரியுது, மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டாளாம். ஆறு மாதம் கழித்துத்தான் அவன் முகம் அவனுக்குத் திரும்பி வந்தது.

எனவே மெடிக்கல் ஷாப்பில் ட்யூபை வாங்கினால் விலையைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூவோசினலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, பரு மருந்து இல்லை. ஏற்கெனவே மாசக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ப் படிப்படியாக இறங்குவது உத்தமம்.

*

ஆபீஸில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகளுக்கு பதில் (கன்சல்டேஷன் ஃபீஸ்: ஒரு டீ):

சலூனில் ஃபேஷியல், ப்ளீச், வேக்ஸிங்? ரெட்டினாய்டு பூசுகிற முகத்துக்குக் கூடாது. மருந்தினால் மேல்தோல் எளிதில் உரியும் நிலையில் இருக்கும். வேக்ஸ் அதைக் கூடவே பிய்த்துக்கொண்டு வரும். ஷேவ் பண்ணலாம், புது ப்ளேடில், மெதுவாக. ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவ் அடித்துக்கொண்டால் அன்று காலை அடுத்த வீட்டுக்காரர்களும் எழுந்துவிடுவார்கள்.

வீரியம் கூட்ட நாலைந்து சீரம் சேர்க்கலாமா? போனில் வருகிற அழகுக் குறிப்பு வீடியோக்களைப் பார்த்து ஸ்க்ரப், ஆசிட், சீரம் என்று ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். பென்சாயில் பெராக்ஸைடு என்று ஒரு நல்ல மருந்து உண்டு. அடபலீனோடு அது ஒத்துப்போகும், இரண்டும் கலந்தே ட்யூப் வருகிறது. ட்ரெட்டினாய்னோடு ஒரே நேரத்தில் பூசினால் பல ரகங்களில் அதைக் கெடுத்துவிடும். தலையணை உறை, துண்டு எல்லாவற்றின் சாயத்தையும் வெளுத்துவிடும் என்பது உபரித் தகவல். அப்பாவின் புதுத் துண்டில் இப்போது இந்திய வரைபடம் இருக்கிறது.

வடை சாப்பிடலாமா? எண்ணெய்ப் பலகாரம்தான் பருவுக்குக் காரணம் என்று நிரூபணம் இல்லை. இனிப்பு, மைதா மாதிரி ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் ஐட்டங்கள் மேல்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு சந்தேகம். பால் மேலும், ஜிம் பையன்கள் கலக்கிக் குடிக்கிற வே புரோட்டீன் பவுடர் மேலும் கொஞ்சம் உண்டு. ஆகவே வடை நிரபராதி, கூட இருக்கிற சர்க்கரை டீதான் விசாரணைக் கைதி.

பரு போனதும் நிறுத்தலாமா? நிறுத்தினால் அடைப்பு மறுபடி சேரும். எத்தனை நாள் தொடர்வது என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

என் ட்யூபை வீட்டில் பூசிக்கலாமா? இதில் மட்டும் ஜோக் இல்லை. கர்ப்பமாக இருக்கிற பெண்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டு பூசக் கூடாது. கல்யாணமான நண்பர்கள் ட்யூபை அலமாரியில் பொதுச்சொத்தாக வைக்காதீர்கள். இதே குடும்பத்தில் ஐசோட்ரெட்டினாயின் என்று மாத்திரை உண்டு. கடுமையான பருவுக்கு டாக்டர்கள் கொடுப்பது. கர்ப்பத்தில் உள்ளே போனால் குழந்தைக்குப் பெரிய ஊனம் வரும். நண்பனிடம் மிச்சம் இருக்கிறதே என்று கடன் வாங்கவோ, கொடுக்கவோ கூடாத மாத்திரை.

*

இப்போதெல்லாம் மீட்டிங்கில் கேமரா போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். போன வாரம் மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஐம்பத்தாறு வயசு மனுஷர், நெற்றிச் சுருக்கத்தை இரண்டு விரலால் இழுத்துக் காட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீ பூசற மருந்து குடும்பத்துல ஏதோ ஒண்ணு சுருக்கத்துக்கும் கேக்குமாமே? அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட் பத்தி ஹெட் ஆபீஸ்ல பேசப் போறேன். கொஞ்சம் வயசு கம்மியாத் தெரிஞ்சா தேவலை."

"ட்ரெட்டினாய்ன் மெல்லிசான சுருக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும் சார். ஆனா அதுக்கே மாசக்கணக்காகும்."

"மாசக்கணக்கா? எனக்கு இருக்கறது மூணு வாரம்தான்யா! ரெண்டு வேளையும் நிறையப் பூசினா?"

"வேணாம் சார்" என்றேன். "மொதல்ல டாக்டரைப் பாருங்க. அப்புறம் ஒரு பட்டாணி. காய்ஞ்ச பட்டாணி!"